பெயர் நம் ஆளுடையது, செய்தி யாருடையது?

 

இன்று நாம் பேசப் போவது செல்போனில் வரும் செய்திகளைப் பற்றி. எழுத்தைக் கற்றுக்கொண்ட நாம் நமக்கு வரும் செய்தியை நாமே படிக்கிறோம். அடுத்தவரிடம் நீட்டிப் படிக்கச் சொல்வதில்லை. இது பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் படித்தால் மட்டும் போதாது. 'இதை எழுதியது யார்?' என்றும் கேட்க வேண்டும்.

கடிதம் எழுதிய காலத்தை நினைத்துப் பாருங்கள். கையெழுத்தைப் பார்த்ததுமே 'இது தம்பி எழுதியது' என்று சொல்லிவிடுவோம். வேறு கை எழுதியிருந்தால் சந்தேகம் வரும். செல்போனில் அந்த வசதி இல்லை. யார் தட்டினாலும் எழுத்து ஒரே மாதிரிதான் தெரியும். மேலே தம்பியின் பெயர் இருக்கும். தம்பியின் போட்டோவும் இருக்கும். தட்டியது தம்பிதானா? அதைப் பெயரும் சொல்லாது, போட்டோவும் சொல்லாது.

நாம் கேட்காமலே வந்து குவியும் செய்திகள் உண்டு. இவற்றை ஆங்கிலத்தில் 'ஸ்பேம்' என்பார்கள். நாம் குப்பைச் செய்தி என்று சொல்வோம். 1978-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி தன் இயந்திரங்களை விற்க நினைத்தது. ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியது. இதைத்தான் முதல் குப்பைச் செய்தி என்று சொல்கிறார்கள்.

முன்பின் தெரியாதவர் அனுப்பும் குப்பையை நாம் தள்ளிவிடுவோம். இது ஏமாற்றுக்காரருக்கும் தெரியும். அதனால் அவர் வேறு வழி கண்டுபிடித்தார். நமக்குத் தெரிந்தவரின் பெயரிலேயே வருகிறார்.

2000-ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று தலைப்பு. கூடவே காதல் கடிதம் என்ற பெயரில் ஓர் இணைப்பு. அதைத் திறந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த முகவரிகளுக்கெல்லாம் அது தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. சில நாட்களுக்குள் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் கெட்டன. ஏன் இத்தனை பேர் திறந்தார்கள்? தெரிந்தவர் பெயரில் வந்தது. அதுதான் காரணம்.

அதே தந்திரம் நம் நாட்டில் கல்யாணப் பத்திரிகையாக வந்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இமாசலப் பிரதேசத்தின் சைபர் போலீசார் இது பற்றி மக்களை எச்சரித்தார்கள். வாட்ஸ்ஆப்பில் ஒரு பத்திரிகை வரும். அதைத் தொட்டால் செல்போனுக்குள் ஒரு திருட்டுச் செயலி உட்கார்ந்துகொள்ளும். வங்கி அனுப்பும் ரகசிய எண்ணைப் படித்துவிடும். நம் பெயரில் மற்றவர்களுக்கும் செய்தி அனுப்பும்.

இதை எப்படி அடையாளம் காண்பது? கோப்பின் பெயர் முடியும் இடத்தைப் பாருங்கள். ஏ.பி.கே. என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பத்திரிகை இல்லை, செயலி. உண்மையான பத்திரிகையைப் பார்க்க எதையும் 'இன்ஸ்டால்' செய்ய வேண்டியதில்லை. அபராதச் சீட்டு, அரசு உதவித் தொகை என்ற பெயர்களிலும் இதே மாதிரி வருகிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு சுய உதவிக் குழு என்று வைத்துக்கொள்வோம். 12 பெண்கள். குழுத் தலைவிக்கு ஓர் உறுப்பினர் பெயரில் வாட்ஸ்ஆப் செய்தி வருகிறது. 'அக்கா, எனக்கு வர வேண்டிய ஆறு இலக்க எண் தவறி உனக்கு வந்துவிட்டது. கொஞ்சம் அனுப்பு.' தலைவி பார்க்கிறார். எண் வந்திருக்கிறது. அனுப்பிவிடுகிறார்.

அந்த எண் என்ன தெரியுமா? தலைவியின் வாட்ஸ்ஆப் கணக்கின் சாவி. உறுப்பினரின் கணக்கு முன்பே திருட்டுப் போயிருந்தது. இப்போது தலைவியின் கணக்கும் போனது. ரகசிய எண் வந்த செய்தியிலேயே 'இதை யாருக்கும் சொல்லாதீர்கள்' என்று எழுதியிருக்கும். எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. செய்தி முழுவதையும் படிக்க வேண்டும்.

அடுத்த நிமிடம் குழுவில் உள்ள எல்லோருக்கும் செய்தி போகிறது. 'அவசரம். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். 5,000 ரூபாய் அனுப்பு. சாயங்காலம் தருகிறேன்.' இரண்டு பேர் அனுப்பிவிடுகிறார்கள். மூன்றாவது பெண் பணம் அனுப்பவில்லை. நேராகத் தலைவியைக் கூப்பிடுகிறார். "அக்கா, எந்த ஆஸ்பத்திரி? நான் வரட்டுமா?" தலைவியோ வயலில் களை எடுத்துக்கொண்டிருக்கிறார்!

10,000 ரூபாய் போனது ஒரு நஷ்டம். அடுத்த கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசுவது அதைவிடப் பெரிய நஷ்டம். பணம் கொடுத்தவர் ஏமாளி அல்ல. நம்பிக்கையால் கொடுத்தார். திருடன் களவாடியது அந்த நம்பிக்கையைத்தான். நம்பிக்கையை விட வேண்டாம். அதோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வோம்.

நண்பர்களே, நான்கு பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள்.

ஒன்று: பணம் கேட்டோ, ரகசிய எண் கேட்டோ செய்தி வந்தால், கேட்டவரை நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். உங்களிடம் முன்பே உள்ள எண்ணில் கூப்பிடுங்கள். இப்போது ஒருவர் குரலைப் போலவே பேசும் இயந்திரங்களும் வந்துவிட்டன. எனவே வந்த அழைப்பை நம்பாதீர்கள். சந்தேகம் வந்தால், வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள்.

இரண்டு: ஆறு இலக்க ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். மகன் பெயரில் கேட்டாலும் சொல்லாதீர்கள். வங்கிப் பெயரில் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. அந்த எண்ணைத் தட்டினால் நம் கையிலிருந்துதான் பணம் போகும்.

மூன்று: வாட்ஸ்ஆப்பில் இரண்டாவது பூட்டுப் போடும் வசதி இருக்கிறது. 'அமைப்புகள்' பகுதியில் 'கணக்கு' என்பதைத் திறந்தால் அது கிடைக்கும். நீங்களே ஓர் எண்ணை வைத்துக்கொள்ளலாம். பிறந்த தேதியை வைக்க வேண்டாம். அதை ஊரே அறியும்.

நான்கு: மின்னஞ்சலுக்கு ஒரு கடவுச்சொல், வங்கிக்கு வேறொரு கடவுச்சொல் வையுங்கள். ஒரே சாவியால் எல்லாப் பூட்டும் திறந்தால், ஒரு சாவி தொலைந்ததும் வீடே போகும்.

இவ்வளவு செய்தும் உங்கள் கணக்கு திருட்டுப் போனால்? பயப்படாதீர்கள். மறைக்காதீர்கள்.

முதலில் எல்லோருக்கும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் போனிலிருந்தாவது கூப்பிடுங்கள். "என் பெயரில் வரும் செய்தியை நம்பாதீர்கள். பணம் அனுப்பாதீர்கள்" என்று சொல்லுங்கள். நீங்கள் வெட்கப்பட்டு மௌனமாக இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கு லாபம்.

அடுத்து, உங்கள் எண்ணிலேயே மறுபடியும் வாட்ஸ்ஆப்பில் பதிவு செய்யுங்கள். புதிய ஆறு இலக்க எண் உங்களுக்கு வரும். அதைத் தட்டியதும் திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் இரண்டாவது பூட்டைப் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே நுழைய 7 நாள் ஆகலாம். ஆனாலும் அவன் உள்ளே இருக்க முடியாது. பிறகு 'இணைத்த சாதனங்கள்' என்ற இடத்தைப் பாருங்கள். தெரியாத சாதனம் இருந்தால் நீக்குங்கள். மின்னஞ்சல் என்றால் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். மீட்பு எண்ணாக உங்கள் எண்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

திருட்டுச் செயலி புகுந்திருந்தால் முதலில் இன்டர்நெட்டை அணையுங்கள். செயலியை நீக்குங்கள். நீக்க முடியாவிட்டால் விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துப் போனை முழுவதும் அழித்துப் புதிதாக்குங்கள். கடவுச்சொற்களை வேறு போனிலிருந்து மாற்றுங்கள்.

பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். இது இந்தியா முழுவதற்கும் ஒரே எண். பணம் இன்னொரு கணக்கில் இருக்கும்போதே தகவல் கிடைத்தால் அதை முடக்கி வைக்க வழி உண்டு. எடுத்துச் சென்ற பிறகு மீட்பது கடினம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். தகவல் சொன்ன பிறகும் அனுமதியில்லாமல் பணம் போனால், அந்த இழப்பை வங்கியே ஏற்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி இது. செய்தியையும், பணம் போன விவரத்தையும் அழிக்காமல் வையுங்கள். அவை சாட்சி.

அடுத்தவரின் கடவுச்சொல்லை ஏமாற்றிப் பயன்படுத்துவது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி, 66-டி பிரிவுகள் இதற்கு மூன்று ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றன. ஆகவே தலைகுனிய வேண்டியவர் ஏமாந்தவர் அல்ல, ஏமாற்றியவர்தான்.

தாய்மார்களே, பெரியவர்களே! கைநாட்டு வைத்த காலத்தில், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே பலர் நிலத்தை இழந்தார்கள். இன்று நமக்குப் படிக்கத் தெரியும். கேட்கவும் தெரிய வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும் உட்கார வைத்து, '1930' என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதன் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்:

'படி. யோசி. கூப்பிட்டுக் கேள். பிறகு கொடு.'