இரு மொழியில் எண்ணும் பிள்ளைகள்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



"வைத்தியம் வேண்டாம், நீங்கள் கண்ட புதுமை ஒன்றைச் சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டார். ஆகவே பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் நான் பார்த்த ஒரு பாடசாலையைப் பற்றிச் சொல்கிறேன்.

மெய்லாத்தி என்ற பகுதியில் உள்ள பல்கலைக்கழக வைத்தியசாலைக்குப் பயிற்சிக்காகப் போயிருந்தேன். மெய்லாத்தித் தொடக்கப் பாடசாலையில் தன் மகளைச் சேர்த்திருந்த தாதி ஒருவர் என்னை அங்கே அழைத்துப் போனார். அது நகரசபை நடத்தும் பாடசாலை. கட்டணம் இல்லை, மதிய உணவும் இலவசம். 2008 முதல் அங்கே சில வகுப்புகள் பின்னிஷ், சீனம் ஆகிய இரு மொழிகளிலும் நடக்கின்றன. இப்படியான விரிவான இருமொழிக் கல்வியில் கற்பித்தலின் கால் பங்காவது மற்ற மொழியில் நடக்க வேண்டும் என்பது அந்நாட்டுப் பாடத்திட்டம். அதாவது சீனம் அங்கே ஒரு பாடம் மட்டுமல்ல. சீனத்திலேயே பாடம் நடக்கிறது.

நான் இருந்து பார்த்தது கணித பாடம். பதினொன்றுக்குச் சீனத்தில் 'பத்து-ஒன்று' என்றுதான் பெயர். கிட்டத்தட்ட எங்கள் தமிழ் மாதிரி. பின்னிஷில் அதுவே 'இரண்டாவது பத்தின் ஒன்று' என்ற கருத்தில் வரும். பிள்ளைகள் இரண்டையும் தடுமாற்றமில்லாமல் சொன்னார்கள்.

இந்த இரு மொழிகளுக்கும் ஒரு உறவும் இல்லை. சீனத்தில் 'மா' என்ற ஒலியை ஏற்றி இறக்கிச் சொல்வதைப் பொறுத்து அது தாயாகவும் வரும், குதிரையாகவும் வரும். ஆனால் வேற்றுமை உருபு கிடையாது. பின்னிஷில் 15 வேற்றுமைகள். 'தாலோ' என்றால் வீடு, 'தாலோஸ்ஸா' என்றால் வீட்டில், 'தாலோஸ்தா' என்றால் வீட்டிலிருந்து. தமிழ் இலக்கணம் படித்த எங்களுக்கு இது புதினமில்லை. இவ்வளவு தூரமான இரு மொழிகளை ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் தாங்குகிறார்கள்.

"இரண்டு மொழி பேசினால் பிள்ளைக்குப் பேச்சுப் பிந்துமா டொக்டர்?" என்று கிளினிக்கில் தாய்மார் கேட்பார்கள். பிந்தாது. பேச்சுத் தாமதத்துக்கு இருமொழி காரணமல்ல. வீட்டில் உங்கள் மொழியிலேயே தாராளமாகப் பேசுங்கள் என்றுதான் சொல்வேன்.

சகோதரிகளே, நாங்கள் சிங்களத்தைப் பரீட்சைக்குப் படித்தோம், புள்ளி எடுத்தோம். ஆனால் வாட்டில் ஒரு சிங்களத் தாய் தன் நோவைச் சொல்லும்போது அந்தப் புள்ளி உதவுவதில்லை. அதேபோல, தமிழ் தெரியாத வைத்தியரிடம் எங்கள் அம்மம்மா 'நெஞ்சு எரியுது' என்கிறாரா, 'நெஞ்சு நோகுது' என்கிறாரா என்பதைச் சிற்றூழியர் ஒருவர்தான் மொழிபெயர்க்கிறார். அந்த ஒரு சொல்லில் உயிர் தங்கியிருக்கலாம்.

எனவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, சிங்கள மொழி ஆசிரியை ஒருவரைக் கொண்டு, கீழ் வகுப்புகளில் சித்திரத்தையோ உடற்பயிற்சியையோ வாரத்தில் ஒரு பாடவேளை சிங்களத்தில் நடத்திப் பார்ப்போம். பரீட்சை வேண்டாம், புள்ளி வேண்டாம். மற்றப் பாடங்களெல்லாம் இன்றுபோல் தமிழிலேயே நடக்கட்டும். தமிழில் வேரூன்றிய பிள்ளை இன்னொரு மொழிக்குப் பயப்படமாட்டாள்.

எங்களை ஆளாக்கிய இந்தப் பாடசாலை நீடூழி வாழ்க.