பழைய எஞ்சினுக்குப் புதிய வளையம்



திருவரங்குளத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில், என் தந்தையார் 1972-ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசடர் கார் நெடுங்காலம் ஓடாமல் நின்றிருந்தது. தலைமையாசிரியர் பணியினின்றும் ஓய்வுபெற்ற பின்னர் அதனை ஓட்டிப் பார்க்க ஆசைகொண்டேன். எஞ்சின் இயங்கிற்று, ஆனால், பின்னே நீலப்புகை சூழ்ந்தது. எண்ணெய் எரிகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

குற்றம் பிஸ்டன் வளையங்களில் இருந்தது. பட்டறைகளில் 'ரிங்' என்பார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள பள்ளங்களில் அமரும், ஓரிடத்தில் வெட்டுவிட்ட வார்ப்பிரும்பு வளையங்கள் அவை. 1852-இல் இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற பொறியாளர் நீராவி எஞ்சினுக்காக வகுத்த வளையமே அவற்றின் முன்னோடி. மேல் வளையங்கள் எரிந்த வாயுவின் அழுத்தத்தைக் காக்கும். அடி வளையம் சிலிண்டர்ச் சுவரில் மிஞ்சிய எண்ணெயை வழித்துவிடும்.

புதுக்கோட்டையில் பட்டறை வைத்திருப்பவர் என் பழைய மாணவர். கணக்கில் அவருக்கு நல்ல மதிப்பெண் அளித்ததாக எனக்கு நினைவில்லை. "சார், ரிங் வாங்குவது அப்புறம், முதலில் சிலிண்டரை அளந்துவிடுவோம்" என்றார். நான் கேட்கவில்லை. கடைசல் செலவுக்கு அஞ்சி, தேய்ந்த சிலிண்டரிலேயே சற்றுப் பெரிய வளையங்களை இறக்குமாறு வற்புறுத்தினேன். புகை நின்றது. இரண்டு மாதம் பெருமையோடு ஓட்டினேன். பிறகு ஒருநாள், ஆலங்குடிச் சாலையில் எஞ்சினுக்குள் 'டக் டக்' என்று ஓசை கேட்டது. பிரித்தபோது மேல் வளையம் மூன்று துண்டாகக் கிடந்தது. சுவரில் நீளமாக ஒரு கீறல்.

காரணம் எளிது. வளையம் உராயும் பகுதிதான் தேயும். அது எட்டாத உச்சிப்பகுதி தேயாமல் ஒரு விளிம்பாக நின்றுவிடும். பழைய வளையம் அவ்விளிம்போடு சேர்ந்தே தேய்ந்து பழகியது. கூர்முனை மழுங்காத புதிய வளையம் அதில் மோதி உடைந்தது.

இம்முறை அவர் அளந்தார்; நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய அளவிலான புது வளையம் ஒன்றைச் சிலிண்டரின் தேயாத அடிப்பகுதியில் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்துத் தள்ளிச் சமமாக அமர்த்தினார். வெட்டின் இடைவெளியில் மெல்லிய அளவுத் தகடுகளைச் செருகிப் பார்த்தார்: 0.30 மில்லிமீட்டர். மேலே, தேய்ந்த இடத்தில், 0.75. "வித்தியாசத்தை மூன்றால் வகுங்கள், சார், அதுதான் தேய்மானம்" என்றார். வட்டத்தின் சுற்றளவு வளர்ந்த அளவைக் கொண்டு விட்டத்தின் வளர்ச்சியைக் காண்கிறார்! 'மூன்று அன்று, 22/7' என்று திருத்த வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டேன். விடை ஏறத்தாழ 0.14 மில்லிமீட்டர்.

அவ்வெஞ்சினின் சிலிண்டர் விட்டம் 73.025 மில்லிமீட்டர். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் 'தௌ' என்பார்கள். தேய்மானம் மட்டுமாயிருந்தால் 10 தௌ கடைந்து பெரிதாக்கியிருந்தாலே போதும். கீறலும் சேர்ந்ததால் 20 தௌ, அதாவது அரை மில்லிமீட்டர், கடைய நேர்ந்தது. என் சிக்கனத்தால் தந்தையார் காரின் எஞ்சின் ஒரு கடைசலுக்குரிய இரும்பை இழந்தது.

கடைந்த அளவுக்கேற்ற பிஸ்டன்களை வாங்கிய பிறகே வளையத்தின் வகையைப் பற்றிப் பேசினோம். குரோமியப் பூச்சுடைய வளையம் கடினமானது. எங்கள் செம்மண் புழுதியை நெடுநாள் தாங்கும். ஆனால், சுவரோடு இசைந்து பழக நாளாகும். நான் காரை எடுப்பது வாரம் ஒருமுறை. ஆகவே விரைவில் பழகும் வெறும் வார்ப்பிரும்பையே தேர்ந்தோம். நாள்தோறும் ஓடும் வண்டியாயின் நான் குரோமியத்தையே கேட்டிருப்பேன்.

வெட்டின் இடைவெளிக்கும் கணக்குண்டு. வளையத்தின் சுற்றளவு சுமார் 230 மில்லிமீட்டர். சிலிண்டரைவிட அது 100 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், கால் மில்லிமீட்டர் நீளும். இடைவெளி அதனினும் குறைந்தால் முனைகள் முட்டிக்கொண்டு, வளையம் சுவரைக் கிழிக்கும். முனைகளை அரத்தால் நானே தேய்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் தகட்டைச் செருகிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம், சார்" என்று திருப்பித் தந்துகொண்டிருந்தார்.