பரணில் கிடக்கும் டிவி கேம் பெட்டியும் பழுது பார்க்கும் கையும்

(அறக்கட்டளை நடத்திய விடுமுறைக்காலத் தொழிற்பயிற்சி அறிமுகக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வி உதவி, மருத்துவ உதவி என்று பேச வேண்டிய மேடையில் விளையாட்டுப் பெட்டியைப் பற்றிப் பேச்சா என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். பிள்ளைகளை உட்கார்ந்து விளையாடச் சொல்ல நான் வரவில்லை. அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்ல வந்திருக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் தொழிலைக் கற்றுக்கொள்ள, கையில் காசு அதிகம் இல்லாத ஒரு பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைப்பது அரிது.

நம் வீடுகளில் இது புதிய பொருளும் அல்ல. 1990களில் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஊர் திரும்பிய சபுராளிகளின் பெட்டியில் தைலம், சென்ட், டார்ச் லைட்டோடு ஒரு டிவி கேமும் வரும். சென்னை பர்மா பஜாரிலும் வாங்கினோம். மாரியோ, கான்ட்ரா என்ற பெயர்கள் இங்கே இருக்கிற நாற்பது வயதுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெட்டிகளில் பல இன்னும் நம் பரண்களில் கிடக்கின்றன.

அவற்றின் மூலப் பெட்டி எது? ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம். மசாயுகி உஎமுரா என்ற பொறியாளரின் தலைமையில் உருவானது. 1985இல் அமெரிக்காவுக்கு வேறு உருவத்தில், என்.இ.எஸ். என்ற பெயரில் போனது. இரண்டும் சேர்த்து 6 கோடிக்கும் மேல் விற்றன. அதன் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். இன்று உங்கள் கைப்பேசியில் வரும் ஒரு சிறிய படம்கூட அதைவிடப் பல மடங்கு பெரியது. நம் ஊருக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை அதைப் பார்த்து வேறு நிறுவனங்கள் செய்த நகல்கள்.

2003 வரை ஃபேமிகாமைத் தயாரித்த நின்டெண்டோ, 2007இல் அதைப் பழுது பார்த்துக் கொடுக்கும் சேவையையும் நிறுத்திக்கொண்டது. அன்றோடு அந்தப் பெட்டிகள் செத்துப்போயிருக்க வேண்டும். ஆனால் 40 ஆண்டு வயதான பெட்டிகள் இன்றும் ஓடுகின்றன. காரணம் இரண்டு. ஒன்று, அதைத் திருகாணி போட்டு மூடினார்கள். பசை போட்டு ஒட்டவில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், கழற்றலாம், மாற்றலாம். இரண்டு, உலகம் முழுவதும் உள்ள ஆர்வலர்கள் தாங்கள் கண்டுபிடித்ததை மறைக்காமல் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இனி வேலைக்கு வருவோம். பழுது பார்ப்பதில் முதல் விதி: கண்டுபிடிக்கும் முன் எதையும் மாற்றாதே. "ஐசி போயிருக்கும்" என்று முடிவு கட்டிவிட்டு ஈயத்தை உருக்குகிறவன் நல்ல ஐசியையும் கெடுப்பான். பழைய பெட்டிகளில் மூளையாக இருக்கும் சிப் கெடுவதைவிட, அதற்கு வெளியே இருக்கும் சாதாரண விஷயங்கள் கெடுவதே அதிகம். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மின்சாரம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டில் 230. ஜப்பானிய அடாப்டரை நம் சுவரில் நேராகச் செருகினால் அது கருகும். ஃபேமிகாமுக்குத் தேவை 10 வோல்ட் டிசி. அதிலும் பின்னின் நடுப்பகுதி மைனஸ். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடுப்பகுதி பிளஸ். இன்னொரு வேடிக்கை பாருங்கள். அதே நிறுவனத்தின் என்.இ.எஸ். பெட்டிக்கு வந்த அடாப்டர் 9 வோல்ட் ஏசி கொடுக்கும். ஒன்றின் அடாப்டரை மற்றதில் செருகி ஃபேமிகாமைக் கொன்றவர்கள் ஏராளம். பின் பொருந்துகிறது என்பதற்காகச் செருகக் கூடாது. அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள், பிறகு மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள்.

உள்ளே 7805 என்ற மூன்று கால் ஐசி இருக்கும். வரும் 10 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைப்பது அதன் வேலை. ஒரு காலில் 10 வருகிறதா, மறு காலில் 5 போகிறதா என்று அளந்தால் பாதி நோய் தெரிந்துவிடும். 10 வரவில்லை என்றால் அடாப்டரையும் சுவிட்சையும் பாருங்கள். 10 வந்து 5 போகவில்லை என்றால் இந்த ஐசி போயிருக்கலாம், அல்லது அதைத் தாண்டி எங்கோ ஷார்ட் இருக்கலாம். 5 சரியாக இருந்தால் மின்சாரத்தைக் குறை சொல்லாமல் அடுத்த இடத்துக்குப் போங்கள். இப்படி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவதுதான் இந்தத் தொழில். இன்வெர்ட்டருக்கும் மிக்ஸிக்கும் இதே வழிதான்.

இரண்டாவது, கேசட் உட்காரும் இடம். படம் வரவில்லை என்றால் கேசட்டை எடுத்து வாயால் ஊதுவோம். உலகம் முழுவதும் பிள்ளைகள் அப்படித்தான் ஊதினார்கள். ஊதியதும் ஓடும். ஆனால் ஓடியது ஊதியதால் அல்ல. பெரும்பாலும் எடுத்துத் திரும்பச் செருகியதால். வாயின் ஈரம் செம்புப் பற்களில் பட்டுக் களிம்பு ஏறும். காதுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு அந்தப் பற்களைத் துடையுங்கள். குச்சி கறுப்பாக வரும். சுத்தமாக வரும்வரை துடைத்து, உலரவிட்டுச் செருகினால் பாதிப் பெட்டிகள் உயிர் பெறும்.

என்.இ.எஸ். வைத்திருப்பவர்களுக்குச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும் நோய் தெரிந்திருக்கும். அதில் கேசட்டைச் சோதிக்கும் காவல் சிப் ஒன்று உண்டு. 72 பின் கொண்ட சாக்கெட் தளர்ந்து தொடர்பு விட்டுப்போனால், அந்தச் சிப் "இது நம் கேசட் இல்லை" என்று எண்ணி வினாடிக்கு ஒருமுறை பெட்டியை அணைத்து எழுப்பும். பார்ப்பவருக்குப் பெரிய கோளாறு போலத் தெரியும். சாக்கெட்டைச் சுத்தம் செய்தாலோ மாற்றினாலோ சரியாகிவிடும்.

மூன்றாவது, வயதால் வரும் நோய்கள். கண்டன்சர்களில் இருக்கும் திரவம் நாளடைவில் கசியும். 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில், மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்ட ஒரு கண்டன்சர் வைத்தார்கள். கடைசி வகையைத் தவிர மற்றவற்றில் அது கசிந்து, போர்டிலுள்ள செம்புக் கோடுகளை அரித்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் நேரம் மட்டும் மறந்துபோகும், பெட்டி பிழைக்கும். ஆகவே ஓடுகிற எக்ஸ்பாக்ஸாக இருந்தாலும் திறந்து பார்ப்பது நல்லது.

சில கேசட்டுகளுக்குள் கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற பட்டன் செல் இருக்கும். செல்டா போன்ற விளையாட்டுகளில் எதுவரை ஆடினோம் என்பதை அந்தச் செல்தான் காத்து வைக்கிறது. செல் தீர்ந்தால் மாற்றலாம். ஆனால் பழைய செல்லைக் கழற்றிய நொடியில் உள்ளே இருப்பது அழிந்துவிடும். இங்கேதான் தம்பிமார்கள் கவனிக்க வேண்டும். நமக்கு அது ஒரு கேசட். கொண்டு வந்தவருக்கு அது மவுத்தாகிப் போன அண்ணன் ஆடி வைத்த ஆட்டமாக இருக்கலாம். ஆகவே முதலில் கேளுங்கள்: "உள்ளே இருப்பது வேண்டுமா?" வேண்டும் என்றால், அதைக் கணினியில் நகலெடுக்கும் கருவிகள் உண்டு, எடுத்த பிறகு செல்லை மாற்றுங்கள். பட்டை ஒட்டிய செல்லாக வாங்குங்கள். வெறும் செல்லின் மேல் சூட்டுக்கோலை வைக்காதீர்கள், வெடிக்கும். பழுதுக்கு வந்த பொருள் நம்மிடம் இருக்கும் அமானிதம். அதற்குள் இருப்பதும் அப்படியே.

அடுத்து, மாற்றியமைப்பது. ஃபேமிகாமில் ஆன்டெனா வழியாகப் போகும் படம் மட்டுமே உண்டு. அதுவும் ஜப்பானிய சேனல் அலைவரிசையில். இன்றைய டிவியில் அதைப் பிடிப்பது பாடு. ஆனால் படம் தயாரிக்கும் சிப்பின் 21ஆம் காலில் நமக்குத் தேவையான வீடியோ சிக்னல் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், கண்டன்சர் வைத்து அதை வெளியே எடுத்தால் மஞ்சள் நிற ஏவி வயரில் தெளிவான படம் வரும். மாற்றங்களுக்கும் எல்லை உண்டு. வாத்து சுடும் துப்பாக்கி எல்இடி டிவியில் வேலை செய்யாது. பழைய குண்டு டிவி திரையில் ஒளி கோடு கோடாக ஓடும் நேரத்தை நம்பியே அது செய்யப்பட்டது. மாற்றும்போது ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உடலை அறுக்காதீர்கள். கழற்றிய பாகத்தைப் பையில் போட்டுப் பெட்டியோடு கொடுங்கள். பிறகு வேண்டாம் என்றால் பழைய நிலைக்கு வர வழி இருக்க வேண்டும்.

சேகரிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் சூப்பர் மாரியோ 64 என்ற விளையாட்டு அமெரிக்க ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. இதைக் கேட்டு யாரும் பரணுக்கு ஓட வேண்டாம். அது உறைகூடப் பிரிக்காத ஒரு பிரதி. நம் வீட்டுப் பெட்டிக்கு அந்த விலை வராது. விலை ஏறினால் போலியும் பெருகும். பழைய ஒட்டுப்படத்தை அச்சடித்துப் புதிய போர்டின் மேல் மாட்டி, அசல் என்று விற்கிறார்கள். என்.இ.எஸ். கேசட் திருகாணிக்கு 3.8 மில்லிமீட்டர் தனி பிட் உண்டு. திறந்து போர்டைப் பார்த்த பின் பணம் கொடுங்கள். விற்கும் பக்கம் நீங்கள் இருந்தால், நகலை நகல் என்றும், ஏவி மாற்றியதை மாற்றியது என்றும், மஞ்சள் ஏறிய பிளாஸ்டிக்கைப் பெராக்சைடு போட்டு வெளுத்ததை வெளுத்தது என்றும் சொல்லி விற்க வேண்டும். குறையை மறைத்து விற்ற காசில் என்ன பரக்கத் இருக்கும்?

எல்லாவற்றையும் பிழைக்க வைக்க முடியுமா? முடியாது. பிற்காலத்து நகல் பெட்டிகளைத் திறந்தால், கறுப்புத் தார் சொட்டு விட்டது போல ஒரு பொட்டு இருக்கும். பல ஐசிகளின் வேலையை ஒரே சிப்பில் அடக்கி, அதன் மேல் பிசின் ஊற்றி மூடிவிட்டார்கள். அந்தப் பொட்டு கெட்டால் கதை முடிந்தது. அதிலிருந்து சுவிட்ச், சாக்கெட், ஜாய்ஸ்டிக் வயர் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளலாம். மிச்சத்தைக் குப்பையில் போடாதீர்கள். செம்புக்காக வயரைக் கொளுத்தவும் கூடாது. அந்தப் புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அவை போய்ச் சேர வேண்டும்.

பெற்றோருக்கு மூன்று எச்சரிக்கைகள். பெட்டியைத் திறக்கும் முன் சுவரிலிருந்து பிளக்கை எடுக்க வேண்டும். பழைய குண்டு டிவியைப் பிள்ளைகள் ஒருபோதும் திறக்கக் கூடாது. அணைத்த பின்னும் அதன் படக்குழாயில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தேங்கியிருக்கும். பற்றவைக்கும் ஈயத்தில் விஷம் உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்ய வேண்டும், கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.

தம்பி தங்கைகளே, ஒரு மல்டிமீட்டர், ஒரு சூட்டுக்கோல், ஒரு திருப்புளி செட், இவை போதும். முதலில் செத்துப்போன ஒரு ரேடியோ போர்டில் பாகங்களைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். கை பழகிய பின் பரணிலிருக்கும் பெட்டியை இறக்குங்கள். இந்த வேலைக்குப் பொறுமையும் நுண்மையும்தான் வேண்டும். பெண் பிள்ளைகள் வீட்டிலிருந்தே செய்யலாம். இதை மட்டும் வைத்து குடும்பம் நடத்தலாம் என்று நான் சொல்லவில்லை. 10 வோல்ட்டும் 5 வோல்ட்டும் எங்கே நின்றன என்று தேடத் தெரிந்தவர் ஃபேன், இன்வெர்ட்டர், எல்இடி டிவி என்று எதன் முன்னும் பயமில்லாமல் உட்காருவார். அந்தக் கையை வைத்து, இன்ஷா அல்லாஹ், பிழைத்துக்கொள்ளலாம்.