சம்பளம் ஏறினால் பறிபோகும் மருத்துவம்



மருத்துவச் செலவு ஏறிவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால், எங்கே ஏறியது என்பது மறைந்துவிடும். தேசிய மாதிரி ஆய்வின் கணக்கைப் பார்ப்போம். இந்தியக் கிராமப்புறத்தில் ஒருவர் தனியார் மருத்துவமனையில் ஒருமுறை சேர்ந்தால் 1995-96இல் சராசரியாக 4,300 ரூபாய் ஆனது. 2004இல் 7,408. 2017-18இல் 27,347. அரசு மருத்துவமனையில் அதே காலத்தில் 2,080 ரூபாய் 4,290 ஆனது. விலைவாசி மட்டுமே காரணம் என்றால் இரண்டும் சேர்ந்தல்லவா ஏறியிருக்கும்? ஒன்று இரண்டு மடங்கு. மற்றது ஆறு மடங்குக்கும் மேல். பேருந்துச் செலவும் துணைக்கு இருப்பவர் இழக்கும் கூலியும் இதில் சேரவில்லை.

நிலம் உள்ளவர் காணியை விற்றுக் கட்டுவார். பஞ்சமி நிலம் பறிபோன சேரியில் விற்க என்ன இருக்கிறது? கம்மலும் வட்டிக் கடனும்தான்.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஊர்விட்டு வந்த இந்தப் பெண்களுக்கும், அவர்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் காப்பு ஈ.எஸ்.ஐ.தான். அது யாரும் போட்ட பிச்சையல்ல. அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த 1943இல்தான் அதற்குத் திட்டம் வகுக்கும் பணி பேராசிரியர் அடார்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1948இல் சட்டமாயிற்று. இன்றும் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 விழுக்காடு அதற்குப் பிடிக்கப்படுகிறது.

இடிப்பது உச்சவரம்பு. 2017 ஜனவரியில் அதை மாதம் 21,000 ரூபாய் ஆக்கினார்கள். அடுத்த எட்டு ஆண்டுகள் அது அசையவில்லை; தனியார் மருத்துவமனைக் கட்டணம் அப்படி நிற்கவில்லை. போராடிப் பெற்ற உயர்வில் சம்பளம் 21,500 ஆனால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ. போய்விடும். முதலமைச்சர் காப்பீட்டுக்குப் போனால் அங்கே குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000. அதாவது மாதம் 10,000. ஐந்நூறு ரூபாய் கூடியதற்கு இரண்டு கதவும் சாத்தப்படுகின்றன. கம்பெனி குழுக் காப்பீடு எடுத்தால் உண்டு; வேலை போனால் அதுவும் போகும்.

அரசு மருத்துவமனை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதைக் காக்கவும் வேண்டும். ஆனால் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ போய் வரிசையில் நிற்கும் நாளுக்கு ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் யார் தருவது?

ஊதிய உயர்வுக் கோரிக்கையோடு இந்த வரம்பையும் சேர்த்தே வைக்க வேண்டும் என்கிறோம்: விலைவாசிப் புள்ளியோடு வரம்பும் ஆண்டுதோறும் ஏறட்டும், வரம்பைத் தாண்டியவரும் விரும்பினால் சந்தா கட்டித் தொடரட்டும். மாணவர்கள் இந்த விடுமுறையில் தங்கள் தெருவில் ஆலைக்குப் போகிறவர்களின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள், ஈ.எஸ்.ஐ. பிடித்தம் எந்த மாதம் நின்றது என்று குறித்து வாருங்கள்.