திருட்டில் தொடங்கிய கோயில்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, ஒரே பெஞ்சில் ஆறு பேராக நெருக்கி உட்கார்ந்த என் நண்பர்களே, சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று காத்திருக்கும் இன்றைய மாணவச் செல்வங்களே!

பழைய நினைவுகளைப் பேசச் சொன்னார்கள். நானோ பிரான்ஸ் நாட்டில் ஒரு மலைக்கிராமத்துக் கோயிலைப் பற்றிப் பேசப் போகிறேன். "இவனுக்கு என்ன ஆச்சு?" என்று நினைக்க வேண்டாம். சுற்றி வளைத்து நம் கல்லூரி நூலகத்துக்கே வந்து சேருவேன்.

1973-இல் நான் இங்கே பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. ஐரோப்பிய வரலாறு எடுத்த எங்கள் சார் ஒருநாள் தடித்த புத்தகம் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு படம். கோயில் வாசலுக்கு மேலே அரைவட்டமான கல். அதில் கூட்டம் கூட்டமாகச் சிற்பங்கள். "எண்ணிப் பாருங்கடா, நூறுக்கு மேலே இருக்கும்" என்றார். ஊரின் பெயர் கோங்க். சிப்பி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். நம் 'சங்கு'க்கும் அது தூரத்துச் சொந்தம் என்று மொழியியலார் சொல்வார்கள்.

அந்த வாசலை நேரில் பார்க்க எனக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மகள் துலூஸ் நகரில் வேலையாக இருந்தபோது கூட்டிப்போனாள். ரொடேஸ் வரை ரயில். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு வளைவு திரும்பியதும் பள்ளத்தாக்கில் பலகைக்கல் வேய்ந்த வீடுகளும், அவற்றின் நடுவே மூன்று கோபுரங்களும் தெரிந்தன. சில நூறு பேர் வசிக்கும் சிற்றூர் அது. அதற்கு அவ்வளவு பெரிய கோயில் எப்படி வந்தது?

திருட்டினால் வந்தது! ஆமாம், சிரிக்காதீர்கள். அஜென் என்ற ஊரில் ரோமானியர் காலத்தில் கொல்லப்பட்ட ஃபுவா என்ற சிறுமியின் எலும்புகளைப் புனிதமாக வைத்திருந்தார்கள். கோங்க் மடத்துத் துறவி ஒருவர் அங்கே போய்ப் பத்து வருஷம் நல்லவராக நடித்து, கல்லறையைக் காக்கும் பொறுப்பையே வாங்கி, கடைசியில் எலும்புகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார் என்பது மடத்துக் கதை. அவை கோங்குக்கு வந்தது 866-ஆம் ஆண்டு என்பார்கள். அதன்பிறகு யாத்திரிகர்கள் குவிந்தார்கள். ஸ்பெயினில் உள்ள சந்தியாகோவுக்கு நடந்துபோகிறவர்களுக்கும் இது தங்கும் இடமாயிற்று. கூட்டம் தாங்காமல் 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் இன்றைய கோயிலைக் கட்டத் தொடங்கினார்கள். 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரும்பாலும் முடித்துவிட்டார்கள்.

கட்டட அமைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு பீப்பாயை நெடுக்கில் பாதியாக அறுத்துக் கவிழ்த்தால் எப்படி இருக்கும்? நடு மண்டபத்தின் கூரை அப்படித்தான். முழுக்க முழுக்கக் கல். உயரம் சுமார் 22 மீட்டர். இத்தனை கல்லும் கீழே அமுக்குவதோடு நிற்பதில்லை, சுவர்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். அதனால் இரு பக்கமும் மாடி வைத்த தாழ்வாரங்கள் கட்டி, மாடியின் மேல் கால்வட்டக் கூரை போட்டு, அதைக் கொண்டே நடுச்சுவருக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சாய்கிறவனைத் தோள்கொடுத்துத் தாங்குகிற மாதிரி. ஆனால் முட்டு நிற்கிற இடத்தில் சன்னல் வைக்க முடியாது. நடு மண்டபத்தின் உச்சியில் நேர் வெளிச்சம் இல்லை. பக்கத்துத் தாழ்வாரங்கள் வழியாகத்தான் வெளிச்சம் வடிகட்டி வரவேண்டும். பீடத்தைச் சுற்றி வர நம் கோயில் பிராகாரம் போல ஒரு வழி. பூசை நடக்கும்போதே யாத்திரிகர்கள் அதில் சுற்றி வரலாம்.

சார் காட்டிய சிற்பம் மேற்கு வாசலில் இருக்கிறது. இறுதித் தீர்ப்பு நாள். எண்ணினால் 124 உருவங்கள்; நீல, சிவப்பு வண்ணம்கூட அங்கங்கே ஒட்டியிருக்கிறது. நரகத்தில் கஞ்சன் கழுத்தில் பணப்பையோடு தொங்குகிறான். கள்ளத்தனம் செய்த மடத்துக்காரர்களும் வலையில் மாட்டியிருக்கிறார்கள். மடத்து வாசலிலேயே மடத்தாரையும் விட்டுவைக்கவில்லை பாருங்கள்! ஓரத்து வளைவில், துணிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது போலச் சின்னச் சின்ன முகங்கள். அவை நம்மையே பார்ப்பது போலிருந்தது. எனக்கு என்னவோ நெஞ்சு குறுகுறுத்தது. காரணம் பிறகு சொல்கிறேன்.

கோயில் கருவூலத்தில் ஃபுவாவின் சிலை. மரத்தின் மேல் தங்கத் தகடு போர்த்தி, யாத்திரிகர்கள் கொடுத்த மணிக்கற்கள் பதித்தது. உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் கோயில் சொத்துக்கள் அரசுடைமை ஆயின. தங்கம், வெள்ளியெல்லாம் உருக்குலைக்குப் போயின. எத்தனையோ ஊர்களின் பொக்கிஷங்கள் அப்படி அழிந்தன. கோங்க் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பொருள்களை எடுத்துத் தோட்டத்திலும் செஸ்ட்நட் உலர்த்தும் கொட்டகையிலும் ஒளித்துவைத்தார்கள். ஏழைக் குடியானவர்கள். ஒரு கல்லைப் பெயர்த்து விற்றிருந்தால் ஒரு குடும்பம் நிமிர்ந்திருக்கும். ஆபத்து நீங்கியதும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஊரார் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். சிலை கண்ணெதிரே இருக்கிறதே!

துறவிகள் போனபின் கட்டடம் சிதைந்தது. 1837-இல் நினைவுச்சின்ன ஆய்வாளர் ப்ரோஸ்பர் மெரிமே வந்து பார்த்து அரசுக்கு எழுதினார். பின்னாளில் 'கார்மென்' கதை எழுதிய அதே மெரிமேதான். அப்புறம்தான் பழுதுபார்த்தார்கள். எங்கள் காலத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் வந்தார். ரொடேஸில் 1919-இல் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜ். சிறுவயதில் இந்தக் கோயிலைப் பார்த்த அனுபவம்தான் தன்னைக் கலைப்பக்கம் திருப்பியது என்று சொன்னவர். 1987 முதல் 1994 வரை உழைத்து 104 சன்னல்களுக்குப் புதுக் கண்ணாடி அமைத்தார். படம் கிடையாது, வண்ணம் கிடையாது. ஆனால் வெளிச்சம் நேரத்துக்கு நேரம் நீலமாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறுகிறது. சிறுவனாக வாங்கியதைக் கிழவனாகத் திருப்பிக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றியது.

சரி, நூலகத்துக்கு வருகிறேன். சார் காட்டிய அந்தப் புத்தகத்தை மறுவாரம் நான் எடுத்தேன். படத்தைப் பார்க்கப் பார்க்க ஆசை தீரவில்லை. கடைசித் தேர்வுச் சமயத்தில் "திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்று சொன்னேன். எங்கள் நூலக அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், "சரி தம்பி, நீ சொன்னா சரிதான்" என்று அடித்துவிட்டார். அது பொய். புத்தகம் அப்போது என் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது.

இதோ, அதே புத்தகம். கடைசி முத்திரை 1974 மார்ச். நாளொன்றுக்கு 5 பைசா அபராதம் என்றால் 900 ரூபாய்க்கு மேல் வருகிறது! சிரியுங்கள், பரவாயில்லை. அடுத்ததைக் கேட்டால் சிரிக்க மாட்டீர்கள். போன சந்திப்பில் ஒரு நண்பன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது: அந்த வருஷக் கணக்கெடுப்பில் புத்தகம் குறைந்ததால், அதன் விலையை அண்ணன் சம்பளத்தில் பிடித்தார்களாம். நாலு பிள்ளைகள் வைத்திருந்த மனுஷன். எங்களில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை. மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாததால் உங்கள் எல்லார் முன்னாலும் கேட்கிறேன்.

கோங்க் கோயிலைத் தொடங்கியவர் பத்து வருஷம் நம்பவைத்து ஏமாற்றியவர். அதைக் காப்பாற்றியவர்கள், ஒளித்ததைத் திருப்பிக் கொடுத்த பெயர் தெரியாத குடியானவர்கள். நான் ஐம்பது வருஷமாக முதலாமவரின் கட்சியில் இருந்தேன். இன்று கட்சி மாறுகிறேன்.

முதல்வர் அவர்களே, புத்தகத்தையும், அண்ணன் பெயரில் நூலகத்துக்கு என்னால் இயன்ற தொகையையும் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். மாணவச் செல்வங்களே, 96-ஆம் பக்கத்தில் அந்தப் படம் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு, தயவுசெய்து, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.