மாசி வெயிலும் மொட்டைமாடியும்: வடசென்னைக் குடும்பங்களின் எளிய இன்பங்கள்



தமிழ் இலக்கண நூலார் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக, அதாவது இரண்டிரண்டு மாதங்கள் கொண்ட ஆறு பருவங்களாகப் பகுத்தபோது, மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும், அடுத்து வரும் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றும் வகுத்தனர். ஆயினும் இராயபுரம் தொடங்கித் தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடலோரத்தில் வேனிலின் இளமை மாசியிலேயே தொடங்கி, சித்திரை பிறப்பதற்குள் முதிர்ந்தும் விடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழிக் குளிரும் விலகி, ஆண்டிலேயே மழை மிகக் குறைவாகப் பெய்யும் மாசி, பங்குனி மாதங்களில், பகல் வெப்பம் 31 அல்லது 33 பாகை அளவில் நிற்க, நிலத்தைக் காட்டிலும் குளிர்ந்திருக்கும் கடல்மீதிருந்து நண்பகலை ஒட்டிக் காற்று கரையேறுவதால், உழைத்துக் களைத்த உடல் வெளியே வந்து உட்கார விரும்பும் மாலைகள் இங்கே வாய்க்கின்றன.

இந்தப் பருவத்தை இப்பகுதிக் குடும்பங்கள் எவ்வாறு நுகர்கின்றன என்பதே இவ்வுரையின் பொருளாகும். ஒரு கலையை மதிப்பிடும்போது அதில் பயிற்சி உண்டா, பதம் பார்க்கும் நுட்பம் உண்டா, கையிலிருந்து கைக்கு மாறும் மரபு உண்டா என்றே ஆய்வாளர்கள் கேட்பர். அந்த மூன்று கேள்விகளுக்கும் வடசென்னையின் மாசி, பங்குனி இன்பங்கள் தயக்கமின்றி விடை தருகின்றன. பணம் செலவழித்து வாங்கும் பொழுதுபோக்கு அங்கே குறைவு. உழைப்புக்கு உரிய இடத்தையும் நேரத்தையும் சிறிதே திருப்பி மகிழ்ச்சிக்கு உரியதாக்கிக்கொள்ளும் திறம் மிகுதி.

முதலில் மொட்டைமாடியைக் கூறவேண்டும். நெருக்கமான தெருக்களும் ஒண்டுக்குடித்தன வீடுகளும் நிறைந்த பகுதியில், பல குடும்பங்கள் முறைவைத்துப் பயன்படுத்தும் அந்தத் திறந்த தளமே முற்றமாகவும் தோட்டமாகவும் விளங்குகிறது. மாசி பிறந்ததும் மாடிக்கு வருவது வடகம். அரிசிக்கூழைக் காய்ச்சித் துணியில் ஊற்றிக் காயவைக்கும் கூழ் வடகம் தமிழகம் முழுவதற்கும் பொதுவானது. மீன் குழம்பு கொதிக்கும் வடதமிழகத்து வீடுகளுக்கோ அதனினும் முதன்மையானது தாளிப்பு வடகம், அதாவது குழம்பைத் தாளிப்பதற்கென்றே உருட்டிக் காயவைத்துச் சேமிக்கும் மணப்பண்டம். சின்ன வெங்காயத்தை உரித்து ஒன்றிரண்டாக இடித்து, தட்டிய பூண்டு, ஊறவைத்து அரைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, இரவு முழுவதும் மண்சட்டியில் மூடிவைத்து, மறுநாள் காலையில் உருண்டைகளாகப் பிடித்து வெயிலில் வைப்பர். மாலையில் அவ்வுருண்டைகளை உதிர்த்து மீண்டும் சட்டியில் இட்டு, அடுத்த நாள் மறுபடி உருட்டிக் காயவைப்பர். ஒரு வாரம், பத்து நாள் என நீளும் இந்த வேலையில் வெங்காயம் மெல்லப் புளித்து, நீர் வற்றி, கருமை ஏறி, கடைசியில் விளக்கெண்ணெய் தடவிய கையால் உருட்டப்படும்போது, ஆண்டு முழுவதும் கெடாத உறுதியை அடைகிறது.

இங்கேதான் பதம் பார்க்கும் நுட்பம் வெளிப்படுகிறது. சுள்ளென்ற கத்தரி வெயிலில் உருண்டையின் மேற்புறம் மட்டும் விரைந்து இறுகி உள்ளே ஈரம் தங்கிவிடக்கூடும். மாசி வெயில் அவ்வளவு அவசரப்படுத்துவதில்லை. மறுபுறம், கடலுக்கு அண்மையில் உள்ள வீடுகளில் உப்பு ஈரம் சுமந்த காற்று ஏறிவிட்டால் காய்ந்ததும் நமத்துப்போகும். ஆகவே காலை வெயிலை முழுதும் வாங்கி, காற்றின் ஈரம் பண்டத்தில் ஏறுமுன் உள்ளே எடுத்துவிடும் கணக்கு மூத்த பெண்களின் தோலிலேயே பதிந்திருக்கிறது. கூழ் வடகத்தில் உப்பைச் சற்றுக் குறைத்தே போடவேண்டும், ஏனெனில் நீர் வற்றும்போது உவர்ப்பு மிகும் என்பதும், கூழ் வெந்ததா என்பதை நனைத்த விரலால் தொட்டு, ஒட்டாமல் வருவதைக் கொண்டே அறியவேண்டும் என்பதும் ஏட்டில் எழுதாமல் வழிவழி வந்த பாடங்கள். காக்கை விரட்டும் பொறுப்பு பிள்ளைகளுக்கு உரியது. அரைகுறையாகக் காய்ந்து மேலே தோல் கட்டிய கூழ் வடகத்தைத் துணியிலிருந்து உரித்துத் தின்பது அப்பொறுப்புக்குக் கிடைக்கும் கூலி. அந்தச் சுவை பொரித்த வடகத்துக்குக்கூட இல்லை என்பது இப்பகுதியில் வளர்ந்த எவரும் மறுக்காத உண்மை. அதே மாதங்கள் பள்ளித் தேர்வு மாதங்களும் ஆதலால், பொதுத் தேர்வு எழுதும் பிள்ளை ஒரு கையில் புத்தகமும் மறு கையில் குச்சியுமாகக் காவல் இருப்பதும் வழக்கமே.

அதே வெயிலில் காசிமேட்டிலும் அதன் வடக்கே உள்ள மீனவக் குப்பங்களிலும் நெத்திலி காய்ந்து கருவாடாகிறது. வெங்காய வடகம் மாடியில் காய, மீன் மணலில் காய, இரண்டும் பின்னர் ஒரே சட்டியில் சந்திக்கின்றன. இப்பருவத்துச் சமையலில் மிக உயர்ந்தது எது என்று கேட்டால், புதிதாக வந்த புளிப்பு மாங்காயைத் துண்டுபோட்டு, தாளிப்பு வடகத்தை நல்லெண்ணெயில் பொரியவிட்டுச் செய்யும் நெத்திலிக் குழம்பையே கூறவேண்டும். மாமரங்கள் பூத்துப் பிஞ்சுவிடும் காலமும் விசைப்படகுகள் தடையின்றிக் கடலுக்குச் செல்லும் காலமும் ஒன்றுகூடும் குறுகிய இடைவெளியில்தான் அந்தக் குழம்பு முழுச் சுவையுடன் அமைகிறது. மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்கும்பொருட்டுக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடை ஏப்ரல் 15 அன்று, அதாவது பெரும்பாலும் சித்திரை பிறந்த மறுநாளே தொடங்கிவிடுவதால், நாட்காட்டியே இந்த இன்பத்துக்கு ஓர் எல்லைக்கோடு இட்டிருக்கிறது.

குடும்பமாகச் சேர்ந்து இருப்பதே இப்பகுதியில் திட்டமிட்டுப் பெறவேண்டிய ஒன்றாகும். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் 1950களிலிருந்து பெருகிய ஊர்தி ஆலைகளும், பின்னர் வந்த அனல்மின் நிலையங்களும், துறைமுகங்களும் மனிதரின் நாளை மூன்று ஷிப்டுகளாக, அதாவது எட்டெட்டு மணிநேர வேலைமுறைகளாகப் பகுத்துவிட்டன. வார விடுமுறையும் எல்லாருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வருவதில்லை. தந்தை இரவு ஷிப்ட் முடித்து வந்து உறங்கும் வேளையில் வீடு சத்தமின்றி இயங்கவும், அவர் எழும் நான்கு மணிக்குத் தேநீரோடு அனைவரும் மாடிக்கு ஏறவும் பழகிய குடும்பங்கள் ஏராளம். அத்தகைய மாலைகளில் மாடியிலோ தெருவிளக்கின் கீழோ கேரம் பலகை விரிகிறது. ஒன்பது வெள்ளைக் காய், ஒன்பது கறுப்புக் காய், ஒரு சிவப்புக் காய், வழுக்கலுக்குப் போரிக் பவுடர் என்ற சிறிய முதலீட்டில், பாட்டனும் பேத்தியும் ஒரே தரத்தில் மோதக்கூடிய ஆட்டம் அது. உலகப் பட்டத்தை இருமுறை வென்று 1996இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர் என்பதும், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னையில் வளர்ந்தவர் என்பதும், இந்த வீட்டு விளையாட்டு எவ்வளவு ஆழமான பயிற்சிக்களத்திலிருந்து எழுகிறது என்பதைக் காட்டுகின்றன. காத்தாடியும் இப்பருவக் காற்றுக்கு உரியதே. ஆனால் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் சாலையில் செல்வோரின் கழுத்தை அறுத்து உயிர் பறித்திருப்பதால், காவல்துறை அதற்கு விதித்திருக்கும் தடை முற்றிலும் நியாயமானது. வெறும் பருத்தி நூலில் காற்றைப் பழக்கிக் காத்தாடியை நிறுத்துவதே கடினமான வித்தை; அதைக் கற்றுத்தரும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வீட்டை விட்டு வெளியே வந்தால் மாசியின் மையம் திருவொற்றியூர். தியாகராஜர் கோயில் என்றும் வடிவுடையம்மன் கோயில் என்றும் மக்கள் அழைக்கும் பழம்பெரும் சிவத்தலத்தில் மாசி மாதம் பிரம்மோற்சவம், அதாவது ஆண்டின் பெருந்திருவிழா நடைபெறுகிறது. அதன் சிகரமான மகிழடி சேவை, சுந்தரமூர்த்தி நாயனாரும் சங்கிலியாரும் மணந்த கதையை ஒட்டியது. சங்கிலியாரைப் பிரியேன் என்று கோயில் சன்னிதியில் சத்தியம் செய்யவேண்டிய நிலையில், இறைவனை அவ்வேளை மட்டும் மகிழ மரத்தடிக்கு எழுந்தருளுமாறு சுந்தரர் வேண்ட, இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, சத்தியத்தை அம்மரத்தடியிலேயே பெறுமாறு அறிவுறுத்தியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. அப்படிச் சத்தியம் செய்தும், இளவேனிலின் தென்றல் வீசத் தொடங்கியதும் திருவாரூரின் வசந்த விழா நினைவுக்கு வந்து, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்து பார்வை இழந்தார். பருவத்தின் இனிமை ஒரு மனிதரைச் சொல் தவறவைத்த கதையை, அந்தப் பருவமே தொடங்கும் நாட்களில், அதே மரத்தடியில் ஓர் ஊர் ஆண்டுதோறும் நினைவுகூர்வது வியப்புக்குரிய அமைதி உடையது. விழா பார்க்க வரும் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லும்போது சங்கிலியாரின் பக்கம் நிற்பதும் இயல்பே. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீண்ட பிறகு, தேரடியிலேயே நிலையம் இருப்பதால், முதியோரை அழைத்து வருவது எளிதாகியிருக்கிறது.

இராயபுரத்துக்கு வேறொரு வசந்தமும் உண்டு. 1910இல் எழுந்த பார்சி அக்கினிக் கோயிலைச் சார்ந்த சிறிய சமூகத்தினர், இரவும் பகலும் சமமாகும் மார்ச் 21ஐ ஒட்டி நவ்ரோஸ் என்னும் பாரசீகப் புத்தாண்டைக் கொண்டாடுகின்றனர். அதே வாரங்களில் புனித இராயப்பர் ஆலயத்தைச் சார்ந்த குடும்பங்கள் பெரும்பாலும் தவக்காலத்தில், அதாவது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பில் இருப்பர். ஒரு பேட்டைக்குள் ஒருவர் இனிப்புச் செய்ய, மற்றவர் புலால் தவிர்க்க, இரண்டுக்கும் காரணம் இதே பருவம்.

இனி, கடற்கரை. மாசி மகத்தன்று, அதாவது மாசி மாதத்து மக நட்சத்திரத்தில், தெய்வத் திருமேனிகளை நீராட்டக் கடலுக்கு எடுத்துவரும் தீர்த்தவாரியின்போது கூடும் கூட்டம், மற்ற மாலைகளில் சுண்டலும் பஜ்ஜியும், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் கொண்டுவந்த அத்தோ என்னும் நூடுல்ஸ் கலவையும் தேடிச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரிந்து வருகிறது. ஆனால் இந்தக் கரை முன்பு இருந்த கரை அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புக் கரங்கள் கடலுக்குள் நீட்டப்பட்டபோது, ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைப்பட்டுத் தேங்கியது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் தெருத்தெருவாகக் கடலுக்கு நிலம் இழந்தன. நகரம் முழுவதும் பெருமையோடு உலவும் பரந்த மணலுக்கான விலையை வடசென்னைக் குடும்பங்கள் செலுத்தின என்று கூறுவது மிகையன்று. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் அணையும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் இன்று கரையின் உருவம். அந்த வளைவுகளுக்கு இடையே ஆங்காங்கே மணல் மீண்டும் சேர்ந்து சிறு திட்டுகள் உருவாகியுள்ளன. பிள்ளைகள் நண்டு துரத்துவதும் கால் நனைப்பதும் அங்கேதான்.

மாடிக்கும் இதே போன்ற வரலாறு உண்டு. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் கரித்தூள் நெடுங்காலம் இராயபுரத்து மாடிகளில் படிந்து, வடகத் துணியையும் துவைத்த துணியையும் கறைப்படுத்தியது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளுவதைத் தடுத்தபின் அந்தத் தொல்லை பெரிதும் தணிந்தது. ஆனால் அந்தச் சரக்கு வடக்கே, 2001இலிருந்து இயங்கும் எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம் மாறியது. இராயபுரத்துக்குக் கிடைத்த நீதி முழு நீதியாக வேண்டுமாயின், அது எண்ணூர் மாடிக்கும் கிடைத்தாக வேண்டும். ஒரு பகுதியின் தூசியை அடுத்த பகுதிக்குத் தள்ளுவது தீர்வாகாது.

கரையைப் பொறுத்தவரை வேண்டுவது அதனினும் எளியது. கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையைக் கைக்குழந்தையோடும் முதியவரோடும் கடந்து, கருங்கற்களின்மேல் தடுமாறி இறங்கித்தான் இன்று ஒரு குடும்பம் கடலைத் தொடமுடிகிறது. மணல் சேர்ந்த ஒவ்வொரு திட்டிலும் அகலமான படிக்கட்டும், சாலையைக் கடக்க ஒரு சைகை விளக்கும், இருட்டியபின் எரியும் நான்கு விளக்குகளும், குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் அமைவது மாநகராட்சியின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. அவற்றை அமைக்கும்போது, வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் மீனவர் காலங்காலமாகப் பயன்படுத்தும் இடத்தை விட்டுவைத்து, எங்கே படி இறங்கவேண்டும் என்பதை அந்தந்தக் குப்பத்தாரிடமே முதலில் கேட்டறிய வேண்டும்.