காது சொல்லும், ஒளி காட்டும்!



எதிரணி நண்பர் கேட்டார்: "தேங்காயை ஒரு தட்டுத் தட்டினா முத்தலா இளசான்னு எங்க ஆத்தா சொல்லிருவாங்க. அனுபவ அறிவு போதாதா? ஆய்வறிவு எதுக்குங்க?" கொப்பரைக் களம் நிறைந்த ஊரில் தேங்காயை வைத்தே கைதட்டல் வாங்கிவிட்டார்! (சிரிப்பு)

ஐயா, ஆத்தாவை நானும் கும்பிடறேன். ஆனால் அனுபவம் 'ஓசை சரியில்லை' என்று சொல்லும். 'எந்த இடத்தில்? ஏன்?' என்று சொல்லுமா?

மிருதங்கத்தை எடுத்துக்குங்க. வெறும் தோலில் சுருதி நிற்காது. வலந்தலையில் கருஞ்சோறு அப்பினால் நிற்கும். ஏன்? கேட்டவர் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். அதிரும் தோலில் மணலைத் தூவினார். அதிராத இடங்களில் மணல் கோடு கோடாக ஒதுங்கியது. கருஞ்சோற்றின் கனத்தால் ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே இசைத் தொனிகளில் அடங்குகின்றன என்று 1934-இல் எழுதினார்.

மணல் அசையாத இடத்தைக் காட்டும்; அசையும் இடம் எவ்வளவு அசைகிறது என்று காட்டாது. 1960-இல் லேசர் பிறந்தது. 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பவல், ஸ்டெட்சன் என்ற இருவர் அதிரும் பொருளை லேசர் ஒளியில் ஹோலோகிராமாகப் பிடித்தார்கள். தொடவே இல்லை! அசையாத இடம் பளிச்சென்று தெரிந்தது. அசையும் இடத்தில் வளையம் வளையமாகக் கோடுகள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த அசைவு கூடத் தப்பாது. தாய்மார்களே, இது ஒளி போடற கோலமுங்க! (கைதட்டல்)

லாரி டயரைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார் கிளீனர். விமான டயரின் உள் பழுதை இந்த லேசர் முறையின் உறவுமுறை ஒன்றால் பார்க்கிறார்கள். 'தட்டிப் பாத்தாச்சு, ஏறுங்க' என்றால் நண்பர் விமானத்தில் ஏறுவாரா? (சிரிப்பு)

மிருதங்கம் கட்டும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்: "சோறு எவ்வளவு கனம் வைக்கணுமுங்க?" "கைக்குத் தெரியும் சாமி" என்றார். "மகனுக்குத் தெரியுங்களா?" பெரியவர் பேசவில்லை. மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

நடுவர் அவர்களே! கையோடு இருக்கிற அறிவு கையோடு போய்விடும். அளந்து, படம் பிடித்து, எழுதி வைத்தால் பேரனுக்கும் கிடைக்கும். அனுபவத்தை ஆய்வு கொல்லவில்லை, சாகாமல் காக்கிறது. எனவே ஆய்வறிவே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் எனக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)